ஜெயிக்கிற பக்கம்

என் கணவர் எந்தக் கட்சி என்று அலுவலகத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை. கேட்டால், "பாலாநகர்ல ஒரு பட்டறையில சூப்பர்வைசர்" என்று அவருடைய வேலையைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். எனக்குக் கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களின் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை. அங்கே தேர்தல் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள்தான் வரும். யார் ஜெயிப்பார்கள், லீவு எந்தக் கிழமை. முதல் கேள்விக்கான பதிலில் எங்கள் கட்சியின் பேர் ஒருநாளும் வந்ததில்லை.

தேசிய அளவில் பேர் தெரிந்த கட்சிதான். வேறு ஊர்களில் அதற்குக் கூட்டம் கூடும். ஹைதராபாத்தில் நாங்கள் இருக்கிற மல்காஜ்கிரியில் அதற்கென்று இருந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆபீஸ் அறை, அதற்குள் சில பிளாஸ்டிக் நாற்காலிகள், தேர்தலுக்குத் தேர்தல் வெளியே எடுக்கிற கொடிகள், கொஞ்சம் ஆட்கள். அந்தக் கொஞ்சம் ஆட்களில் என் கணவர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த புதிதில், பட்டறையில் ஒருவருக்குக் கை நசுங்கி நஷ்டஈடு கிடைக்காமல் இழுத்தடித்தபோது, இந்தக் கட்சிக்காரர்கள்தான் வந்து நின்றார்களாம். அன்றைக்குச் சேர்ந்தவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவர் கட்சிக்காரர்.

ஒருநாள் சாயங்காலம், கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணுடன் கம்பெனி கேபில் வந்துகொண்டிருந்தேன். அவளுக்கு எங்களுக்கு அடுத்த ஏரியா. மார்க்கெட் முனையில் வண்டி சிக்னலுக்கு நின்றது. ஜன்னலுக்கு வெளியே என் கணவர் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர்களைவிடப் பின்னால் கொடி பிடித்து நின்றவர்கள் அதிகம். வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெலுங்கில் பேசுகிறபோது அவருக்கு நம்மூர் இழுவை போகாது.

"பாவம், இவங்களுக்கு என்னதான் வேணும்? எப்படியும் தோக்கப் போறாங்க," என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு நான் குனிந்து போனைப் பார்த்தேன். சிக்னல் விழுகிறவரை நிமிரவில்லை.

அவரோடு அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஒரு அம்மா இருப்பார். குட்டையான உருவம், கனத்த குரல், பழைய ஸ்கூட்டி. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்த ஏரியாவில் எல்லோருக்கும் அவர் ஜெராக்ஸ் அக்கா. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவர்கள், விதவைப் பென்ஷன் நின்றுபோனவர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதித் தருவார். எழுதித் தருவதோடு விடமாட்டார். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு அவர்களோடு ஆபீசுக்குள் போய், ஆள் சீட்டில் இல்லையென்றால் வரும்வரை நிற்பார். கட்சி சார்பில் அவர் இரண்டு முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். இரண்டு முறையும் டெபாசிட் போனது. ஆனால் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற பஸ்தியில், அந்தக் குறுகலான வீடுகளின் பெண்கள், வெயிலோ மழையோ வரிசையில் வந்து நின்று அவருக்குப் போட்டார்கள். எங்கள் வார்டில் மட்டும் எங்கள் கட்சிக்குக் கௌரவமான ஓட்டு விழும். அது கட்சிக்கு விழுந்த ஓட்டல்ல, அக்காவுக்கு விழுந்தது என்று என் கணவரே சொல்வார்.

சென்ற நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் மூன்றாம் முறையும் அக்காதான் நிற்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சுவர் விளம்பரத்துக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். அப்போது மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த முறை சர்வே எடுத்திருக்கிறார்கள், வெற்றி வாய்ப்பு உள்ள ஆளுக்குத்தான் சீட்டு. அக்காவின் பேர் சர்வேயில் மேலே வரவில்லை. மேலே வந்தவர் ஒரு பில்டர். நகரத்துக்கு வெளியே அபார்ட்மென்ட் கட்டி விற்கிறவர். அதற்கு முந்தைய வாரம்வரை வேறு கட்சியில் இருந்தார். அங்கே சீட்டு கிடைக்காததால் இங்கே வந்தார்.

என் கணவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்காகிட்ட நான்தான் சொல்லணுமாம்," என்றார். "சொன்னா மட்டும் போதாதாம். அறிமுகக் கூட்டத்துல அக்கா மேடையேறி அந்த ஆளுக்குச் சால்வை போடணுமாம். பஸ்தி ஓட்டு சிதறக்கூடாதாம். என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்றல்ல. அவர் முடியாது என்று சொன்னதற்காக.

"எதுக்கு அப்படிச் சொன்னிய? ஆயுசு பூரா தோத்துக்கிட்டே இருக்கணும்னு வேண்டுதலா?" என்று கேட்டேன். "ஒரு தடவையாவது ஜெயிக்கிற பக்கம் நின்னு பாருங்களேன். நாலு பேரு நம்மளையும் மனுசனா மதிப்பாங்க. ஸ்டூல் மேல ஏறி நீங்க பேசுறத நான் எத்தனை நாளைக்குப் பாக்கது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கேபிலிருந்து பார்த்தது அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்தது போலத்தான் பார்த்தார்.

"எனக்கு வாய் வராதுளா," என்றார் கடைசியில்.

"நான் கூட வாரேன். நான் பேசுதேன்."

அடுத்த நாள் சாயங்காலம் இருவரும் அக்காவின் வீட்டுக்குப் போனோம். கடைக்குப் பின்னாலேயே ஒற்றைப் படுக்கையறை வீடு. அக்காவின் கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. எங்களுக்கு உஸ்மானியா பிஸ்கட்டும் டீயும் வைத்தார். என் கணவர் டீயைக் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். காலம் மாறிவிட்டது, நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதாது, முதலில் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் எல்லா நல்லதும் செய்யலாம், கட்சி வளர்ந்தால் அக்காவுக்கும் பெருமைதானே என்று அலுவலகத்தில் ஆள் குறைக்கும்போது நாங்கள் பேசுகிற அதே குரலில் பேசிக்கொண்டே போனேன்.

அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்; எதற்கு என்பதற்கு 'கைக்கு', ஆமாவுக்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"கைக்கு மா இவ்ளோ சுத்துற? எனக்குச் சீட்டு இல்ல. அவனுக்கு நான் ஷால் போடணும். அவ்ளோதானே?"

நான் தலையாட்டினேன்.

"ஹவ், வர்றேன். கட்சி சொன்னா செய்யணும். நான் ரெண்டு தடவை நின்னப்ப எனக்காகக் கட்சிக்காரங்க வேலை செஞ்சாங்கல்ல." பிறகு என் கணவரைப் பார்த்து, "தம்பி, நீ கைக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? நீயா சர்வே எடுத்தே?" என்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் என் கணவர் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். எனக்கோ காரியம் சுலபமாக முடிந்துவிட்டதே என்று இருந்தது.

அறிமுகக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் கட்சிக் கூட்டத்தில் ஏசி ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஆட்டோ ஆட்டோவாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பிரியாணி வாசனை வாசல்வரை வந்தது. என் கணவர் மல்காஜ்கிரிப் பொறுப்பாளர் என்பதால் எனக்கும் மேடையில் பெண்கள் வரிசையில் ஒரு நாற்காலி. ஆரத்தித் தட்டு என் கையில். பில்டரின் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டு, கம்பெனிப் பேரைச் சொன்னதும் "ஓ!" என்று கண்ணை விரித்தார். அந்த "ஓ" எனக்கு இனித்தது.

அக்காவின் பேரை மைக்கில் கூப்பிட்டார்கள். வேட்பாளராக இரண்டு முறை நின்றவர் என்று சொல்லவில்லை. "மூத்த மகளிர் தொண்டர்" என்றார்கள். அக்கா வெள்ளையில் நீலப்பூப் போட்ட காட்டன் சேலையில் வந்தார், எப்போதும் கட்டுகிற சேலைதான். பில்டர் உயரமானவர். அவருக்குச் சால்வை போட அக்கா எக்க வேண்டியிருந்தது. அவரும் குனியவில்லை, போட்டோக்காரர்களைப் பார்த்தபடி நின்றார். போட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்த ஆள் ஒரு கவரை எடுத்து பில்டரிடம் கொடுத்தார். கூட்டத்துக்கு வந்த பெண்களுக்காக வாங்கி வைத்திருந்த சேலைகளில் ஒன்று. அவர் அதை அக்காவின் கையில் வைத்து, அப்படியே அக்காவைக் கேமராவுக்குத் திருப்பினார். அக்கா யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ்தியிலிருந்து அழைத்து வந்தவர்களில் ஒருவர் என்று நினைத்துவிட்டார்.

பில்டரின் மனைவி என் பக்கம் சாய்ந்து தெலுங்கில், "யார் இந்தம்மா?" என்று கேட்டார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்குத் தெரியும். என் வாய் வேறு சொன்னது.

"இங்க பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க."

அக்கா அப்போது எங்களைக் கடந்து படியிறங்கப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதா, இல்லையா? நடை நிற்கவில்லை. சேலைக் கவரை மேடையோர நாற்காலி ஒன்றின் மேல் ஓசையில்லாமல் வைத்துவிட்டு இறங்கினார். மேடையின் மறுகோடியில் நின்றிருந்த என் கணவர் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த நாட்களை நான் அனுபவித்தேன். இப்போது எழுதும்போது அதுதான் எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் முன்பு லிஃப்டில் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்பவர்கள் நின்று பேசினார்கள். தண்ணீர் லாரி விஷயமாக, பில்டர் எம்.பி. ஆனதும் சொல்லி முடித்துத் தர முடியுமா என்று செக்ரட்டரி கேட்டார். மேடையில் நான் ஆரத்தித் தட்டோடு நிற்கிற படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"உன் ஹஸ்பண்ட் இந்தப் பார்ட்டியா? சொல்லவே இல்லையே!" என்றாள் அன்று கேபில் சிரித்த அதே பெண். "இந்தத் தடவை உங்க கேண்டிடேட் சூப்பர். இவர்னா ஜெயிப்பார்."

"எல்லாரும் வந்து போட்டாத்தான் ஜெயிப்பார்," என்று நானும் கட்சிக்காரியைப் போலச் சொன்னேன்.

என் கணவர் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வெயிலில் அலைந்தார். கொடி கட்டினார், ஸ்லிப் எழுதினார், பில்டரின் ஆட்கள் ஏவுகிற வேலையெல்லாம் செய்தார். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். முன்பெல்லாம் தோற்கப் போகிற தேர்தலுக்கு அலைந்துவிட்டு வந்து, இந்தத் தெருவில் இப்படிக் கேட்டார்கள், அந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். நான்தான் காதில் வாங்கமாட்டேன். இப்போது நான் கேட்டாலும் "ம், நல்லா போகுது" என்பதோடு முடித்துக்கொண்டார்.

வாக்குப்பதிவு ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்ந்து நீண்ட லீவு. வெள்ளிக்கிழமை சாயங்காலமே எங்கள் அபார்ட்மென்டின் பார்க்கிங் பாதி காலி. திங்கள் காலையில் நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மாடி மாடியாக மணி அடித்தேன். பல கதவுகள் பூட்டியிருந்தன. திறந்த கதவுகளிலும் "வெயில் தாழட்டும்" என்றார்கள். தண்ணீர் லாரி கேட்ட செக்ரட்டரி குடும்பத்தோடு விஜயவாடாவில் இருந்தார். கேபில் வந்த அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"அதான் ஜெயிச்சிடுவாரே, என் ஒரு ஓட்டு எதுக்கு?" என்றாள்.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் எங்கள் கட்சி மேஜைக்குப் போனேன். என் கணவர் ஸ்லிப்புக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களே குறைவு. பூத்துக்குள் வரிசை இல்லை, போலீஸ்காரர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டுத் தூங்கி வழிந்தார். பில்டரின் ஆள் ஒருவர் காரில் வந்து இறங்கி, "பஸ்தி லேடீஸ் எங்கே? ஒருத்தரையும் காணோமே?" என்று என் கணவரிடம் கத்தினார். அவர் ஸ்லிப்புக் கட்டைப் பிரித்து மறுபடி அடுக்கினார். நான், "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

ரயில் பாதையைக் கடந்து பஸ்திக்கு நடந்தேன். நான் அதற்குள் போனது அதுதான் முதல் தடவை. என் கணவர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வாசல்களில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வேலைக்குப் போகவில்லை, லீவு. ஓட்டுப் போடவும் போகவில்லை.

தெலுங்கில் கேட்டேன். "ஏன்மா, யாரும் வரலையா? வெயில்னா ஆட்டோ அனுப்பச் சொல்றேன்."

"ஆட்டோ எதுக்கு? ஸ்கூல் இந்தா இருக்கு," என்றாள் பாத்திரம் கழுவியவள்.

"அப்புறம்?"

"யாருக்குப் போடறது? மெஷின்ல எங்க அக்கா பேரு இல்லையே."

"சின்னம் அதேதான். அக்கா நின்ன அதே சின்னம். அக்காவே உங்களைப் போடத்தான் சொல்லுவாங்க."

"சொன்னாங்க," என்றாள் அவள். "காலையில ஸ்கூட்டியில வந்து ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி, கட்டாயம் போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. அவங்க வாயாலயே அதைச் சொல்ல வச்சீங்களே, அதுலதான் எங்களுக்குக் கோபம்."

வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மற்றவளிடம், "இது மேடையில தட்டு வச்சுக்கிட்டு நின்ன பொண்ணுதானே?" என்றாள். அவர்களும் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். பிரியாணிக்காக அல்ல, அக்கா பேசுவார் என்று நினைத்து வந்தவர்கள். அக்கா இறங்கியதும் எழுந்து போய்விட்டார்களாம்.

பாத்திரம் கழுவியவள் கையைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்து, மேஜை நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கணவர் வீட்டுக்கு வந்தார். சாதம் போட்டேன். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே இடது கையால் தண்ணீர்த் தம்ளரை எடுத்தார். அந்தக் கை விரலில் மை இல்லை.

முதலில் நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று நினைத்தேன். கொஞ்சம் குனிந்து பார்த்தேன். ஆட்காட்டி விரல் சுத்தமாக இருந்தது. எனக்குக் கல்யாணமானதிலிருந்து எந்தத் தேர்தலையும் அவர் விட்டதில்லை. எனக்குக் குழந்தை பிறக்கிற சமயத்தில்கூட ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தவர்.

"நீங்க போடலையா?"

"இல்ல."

"நாள் பூரா பூத் வாசல்லதானே உக்காந்திருந்திய?"

"ஆமா."

"ஏன்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "உள்ள போனேன். வரிசை கூட இல்ல. வாசல்படி வரைக்கும் போயிட்டேன். அந்த ஆளுக்குப் போடவும் முடியல, வேற சின்னத்துல கை வைக்கவும் முடியல. வெளிய வந்துட்டேன்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போடுங்க போடுங்கன்னு ஊரைக் கூப்பிட்டவன், நான் போடல. யாருகிட்டயும் சொல்லிராத," என்றார்.

என்மேல் அவர் ஒரு பழியும் போடவில்லை. போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மீன் குழம்பு இருக்கிறது, ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

முடிவு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் திரையில் டெல்லிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொகுதி அவர்கள் பேச்சில் வரவில்லை. பில்டர் தோற்றார். டெபாசிட்டும் போனது. மொத்தத்தில் அக்கா வாங்கியதைவிட அதிகம் வாங்கியிருந்தார். ஆனால் எங்கள் வார்டில் அக்காவுக்கு விழுந்ததில் பாதிகூட அவருக்கு விழவில்லை. ஊரிலேயே ஓட்டுச் சதவீதம் குறைவு, ஹைதராபாத் ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று டிவியில் ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்து சீட்டுப் பெண்ணும் அதற்கு, "ரியலி ஷேம்," என்று தலையாட்டினாள். அவள் விரலிலும் மை கிடையாது. நான் ஸ்டேட்டஸில் போட்ட அந்தப் படம் எப்போதோ தானாகப் போய்விட்டிருந்தது. போனிலும் இருந்தது, அழித்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பில்டர் இன்னொரு கட்சிக்குப் போனார். போகும்போது மல்காஜ்கிரியில் எங்கள் கட்சிக்காரர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு போனார். என் கணவருக்கும் போன் வந்தது. எடுக்கவில்லை. ஆனால் கட்சி ஆபீசுக்கும் அவர் போகவில்லை. பட்டறை, வீடு, டிவி. அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். இப்போது அவர் சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போல இருக்கும். மகளின் சர்டிஃபிகேட்டுகளுக்கு நகல் எடுக்க வேண்டி வந்தபோது, ஜெராக்ஸ் அக்காவின் கடையைத் தாண்டி, இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிற கடைக்குப் போனேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவின் துளை வழியே பார்த்தேன். அக்கா. என் கணவரும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய், "நான் இல்லன்னு சொல்லிரு," என்று கிசுகிசுத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவைத் திறந்தேன். அக்கா இன்னும் மெலிந்திருந்தார். மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் ரிப்பேர்.

"தம்பி இருக்கானா மா?"

"இல்லக்கா. வெளிய போயிருக்காங்க."

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் டீப்பாயில் என் கணவர் பாதி குடித்து வைத்த காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. வாசலில் அவருடைய செருப்பும் கிடந்தது. அக்கா இரண்டையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"கார்ப்பரேஷன் எலெக்ஷன் வருது. ஆள் யாரும் இல்ல," என்றார். "இருந்தவனெல்லாம் அவன் பின்னாடி போயிட்டான். பஸ்திப் பொம்பளைங்க நிறையப் பேருக்கு ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருக்கா இல்லையான்னே தெரியல. வீடு வீடா போய்ப் பாக்கணும். தம்பி வந்தா நல்லா இருக்கும். என்னால இப்ப முன்னே மாதிரி நடக்க முடியல."

"நீங்க நிக்கிறீங்களாக்கா?"

"நக்கோ மா. வேற யாராவது சின்ன வயசுப் பொண்ணு நிக்கட்டும். ஜனங்க ஓட்டுப் போட வரணும், அவ்ளோதான். போன தடவை வராம இருந்தாங்கல்ல, அது எனக்கு ரொம்பத் தப்பாப் போச்சு. எனக்காகக் கோபப்பட்டு ஓட்டை விட்டுட்டாங்க. அதை நினைச்சா எனக்கு வெட்கமா இருக்கு."

வெட்கம் என்ற சொல்லை அவர் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னைக்கு மேடையில நான்..." என்று ஆரம்பித்தேன். "அந்தம்மா உங்களைப் பத்திக் கேட்டப்ப நான்..."

"எந்த மேடை?" என்றார் அக்கா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, என்னைச் சொல்லவிடாமல் தடுத்தாரா என்று அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. என் வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. நானும் அதை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது எனக்கு வசதியாகவும் இருந்தது.

"உனக்கு லீவு நாள் என்னைக்கு?" என்று கேட்டார் திடீரென்று.

"சனி, ஞாயிறு."

"நீ வாயேன். உனக்கு நல்லாப் பேச வருது."

எங்கள் கம்பெனிக்குரிய குரலில் அவர் வீட்டில் நான் பேசியதைத்தான் சொல்கிறார் என்று எனக்கு முகம் எரிந்தது. அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கூப்பிட்டார். "பாக்கிறேன்க்கா," என்றேன். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "வந்தான்னா சொல்லு," என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படிவரை கூடப் போக வேண்டும் என்று நினைத்தேன். கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

"என்ன கேட்டாக?"

"உங்களைத்தான் கேட்டாக. அப்புறம் என்னைக் கூப்பிட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க இல்லன்னு சொன்னேன்."

"நம்பிட்டாகளா?"

நான் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். கீழே ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு மூன்று முறை இருமியது. பிறகு யாரோ தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது, கிளம்பிப் போனது. என் கணவர் ஜன்னல் திரையை விலக்காமலேயே, அது தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.